கரடி வைத்தியரும் பேசாத மருத்துவமனையும்

மருதங்குளத்தின் கரையில் விலங்குகளுக்கென்று ஒரு மருத்துவமனை இருந்தது. கட்டடம் எதுவும் கிடையாது. பெரிய மருத மரம்தான் கூரை. காய்ந்த புல்லை உதறிப் போட்டால் அதுதான் கட்டில்.

அங்கே தலைமை வைத்தியர் ஒரு கரடி. சடையன் என்று பெயர். வேர், பட்டை, தேன் எல்லாவற்றின் குணமும் அதற்கு அத்துபடி. மனசும் நல்ல மனசுதான். ஆனால் ஒரு யோசனை தோன்றிவிட்டால் போதும், பொழுது விடிவதற்குள் அது உத்தரவாகிவிடும்!

அணிலும் கீரியும் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும். முள்ளம்பன்றி தன் முள்ளால் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துவிடும். நடக்க முடியாதவர்களை யானை தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் குளிப்பாட்டும். கரையோரப் பாறையில் ஆள்காட்டிக் குருவி நின்றுகொண்டிருக்கும். நீண்ட கால், கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான குரல்.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன வேலையை முடித்தாலும் அதை உரக்கச் சொல்லிவிட வேண்டும்.

"மானுக்கு மருந்து குடுத்தாச்சு!" என்று அணில் கத்தும்.

"மானுக்குக் குடுத்தாச்சு! மானுக்குக் குடுத்தாச்சு!" என்று ஆள்காட்டி பாறை மேலிருந்து திருப்பிக் கத்தும்.

"ஆமைக்குக் கட்டி கீறியாச்சு!" என்று முள்ளம்பன்றி குரல் கொடுக்கும். அதையும் ஆள்காட்டி திருப்பிச் சொல்லும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே கூச்சல்தான். சந்தைக்கடை தோற்றுவிடும்!

இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள், எதற்காகத் தொடங்கினார்கள் என்று கரடி ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் வேட்டைக்காரனின் கண்ணியில் சிக்கிய ஒரு தாய் முயலை யானை தூக்கிக்கொண்டு வந்தது. காலில் ஆழமான காயம். உடம்பெல்லாம் நடுக்கம். குட்டிகளைப் புதரில் விட்டுவிட்டு இரை தேடப் போன இடத்தில் மாட்டிக்கொண்டது பாவம்.

"ஐயா, நான் எப்ப வீட்டுக்குப் போவேன்? என் பிள்ளைங்க கண்ணு கூட சரியாத் திறக்கலையே!" என்று அழுதது முயல்.

"காயம் ஆறணும். காய்ச்சல் வரக்கூடாது. நல்லாத் தூங்கணும். அவ்வளவுதான், போயிடலாம்" என்று கரடி தேற்றியது. அது வரைக்கும் குட்டிகளைப் பார்த்துக்கொள்வதாக யானை ஏற்றுக்கொண்டது.

கரடி தன் கையாலேயே காயத்தில் தேன் தடவிக் கட்டுப் போட்டது. முயல் கண்ணை மூடப் போகிற நேரம்.

"முயலுக்குக் கட்டுப் போட்டாச்சு! முயலுக்குக் கட்டுப் போட்டாச்சு!" என்று தலைக்கு நேர் மேலே பறந்துகொண்டே ஆள்காட்டி கத்தியது.

தூக்கிவாரிப் போட்டதில் முயல் துள்ளி எழுந்தது. அப்படியே மயங்கி விழுந்தது!

கரடிக்கு உயிரே போய்விட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து முயலை எழுப்புவதற்குள் அதற்கு வியர்த்துக் கொட்டியது. "இந்தக் கூச்சல்தான் இங்கே பெரிய நோய்!" என்று அது பல்லைக் கடித்தது.

அப்போது அதற்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மேற்கு மலையில் இன்னொரு மருத்துவமனை உண்டு. போன கோடையில் கரடி அந்த வழியாகப் போயிருந்தது. அங்கே இலை விழுந்தால் கேட்கும். அவ்வளவு அமைதி! நோயாளிகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்று பார்த்த கரடி அசந்துபோய்த் திரும்பிவிட்டது. உள்ளே போய், இங்கே எப்படி இவ்வளவு அமைதியாக வேலை நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மறுநாள் காலையில் கரடி எல்லோரையும் கூப்பிட்டது. பாறை மேல் ஏறி நின்றுகொண்டது.

"இன்னையிலேருந்து இங்கே யாரும் வாயைத் திறக்கக் கூடாது! வேலை செய்யறவங்களும் பேசக் கூடாது, நோயாளிகளும் பேசக் கூடாது. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாருங்க. மேற்கு மலை மாதிரி நம்ம இடமும் அமைதியா இருக்கணும்!"

அணில் கீரியைப் பார்த்தது. கீரி முள்ளம்பன்றியைப் பார்த்தது. ஆள்காட்டி மட்டும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு யோசித்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். சொல்லாம இருந்தா யாருக்கு மருந்து போச்சு, யாருக்குப் போகலைன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதானே? கரடிக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. பாறை மேல் நிற்கிறவர்களுக்குக் கீழேயிருந்து வருகிற கேள்வி எல்லாமே எதிர்ப்பாகத்தான் கேட்கும் போலிருக்கிறது.

"முயல் மயங்கி விழுந்ததே உன்னாலதான்! இதுல கேள்வி வேறயா? நீ எதிர்க்கரைக்குப் போ. குளத்துல முதலை வருதான்னு பார்த்துக்கிட்டு இரு!"

மருதங்குளத்தில் முதலை இருந்ததே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆள்காட்டி பறந்துபோய் எதிர்க்கரையில் நிழலே இல்லாத மணல்திட்டில் இறங்கியது.

"வேற யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?" என்றது கரடி.

"இல்லைங்க ஐயா!" என்றது அணில்.

"நீங்க சொன்னா சரிங்க ஐயா!" என்றது கீரி.

"ரொம்ப நல்ல ஏற்பாடு!" என்றது முள்ளம்பன்றி. அதன் முள்ளெல்லாம் விறைத்துக்கொண்டு நின்றதைக் கரடி கவனிக்கவில்லை. யானை காதை ஆட்டியது. அதையும் சம்மதம் என்றே கரடி எடுத்துக்கொண்டது.

மருத்துவமனை அமைதியாகிவிட்டது. குளத்தில் மீன் துள்ளுவது கூடக் கேட்டது. கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆனால் சில விசித்திரங்கள் நடக்க ஆரம்பித்தன. தேன் சட்டி சீக்கிரம் சீக்கிரம் காலியானது. காலையில் குளித்த பன்றியை யானை மத்தியானம் மறுபடியும் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டியது. பன்றிக்குக் கோபம்தான். ஆனால் பேசக்கூடாதே! மானோ ஒருநாள் முழுக்க மருந்தே கிடைக்காமல் படுத்திருந்தது.

"ஏன் இப்படி?" என்று கரடி தலையைச் சொறிந்துகொண்டது. இன்னொன்றும் அதன் கண்ணில் பட்டது. அணில் அடிக்கடி அந்தப் பெரிய கறையான் புற்றுக்குப் பின்னால் போகிறது. கொஞ்சம் கழித்துக் கீரி போகிறது. பிறகு முள்ளம்பன்றி. எல்லோரும் ஏதோ சாதித்தவர்கள் மாதிரித் திரும்பி வருகிறார்கள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

கரடி இதை யாரிடம் கேட்டது தெரியுமா? நரியிடம்!

இந்த நரி கால் சுளுக்கு என்று வந்து படுத்தது. சுளுக்கு எப்போதோ சரியாகிவிட்டது. ஆனால் நேரத்துக்குச் சாப்பாடும் படுத்த இடத்தில் நிழலும் கிடைக்கும்போது யார்தான் எழுந்து போவார்கள்? கரடி பக்கத்தில் வரும்போதெல்லாம் "அம்மா, கால்!" என்று ஒரு முனகல். அவ்வளவுதான் அதன் வேலை.

"ஐயா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க" என்று நரி குரலைத் தாழ்த்தியது. "உங்களைக் கவிழ்க்கத் திட்டம் போடறாங்க. தேன் வேற குறையுதே, யோசிச்சுப் பாருங்க! இதுங்களை எல்லாம் நம்பவே கூடாது. நீங்களே மறைஞ்சு நின்னு கேளுங்க."

கரடிக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை காலம் கூட இருந்தவர்களா இப்படி? ஆனாலும் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரே துடிப்பு. மறுநாள் புற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆவாரஞ்செடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அந்தச் செடி கரடியின் மூக்கை மட்டும் நன்றாக மறைத்தது.

அணிலும் கீரியும் வந்தன.

"மானுக்கு நீ குடுத்தியா, நான் குடுக்கவா?" என்று அணில் கிசுகிசுத்தது.

கீரி வாயைத் திறந்தது. செடியின் இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்த கறுப்பு ரோமத்தைப் பார்த்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டது.

"இன்னைக்கு வெயில் கொஞ்சம் அதிகம், இல்லே?" என்றது கீரி.

"ஆமாமா, ரொம்ப வெயில்!" என்றது அணில், நடுங்கிக்கொண்டே.

இரண்டும் ஓடிவிட்டன. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அணில் கிசுகிசுத்தது கரடியின் காதில் விழவே இல்லை. வெயிலைப் பற்றிய பேச்சுதான் கேட்டது. "என்னைப் பார்த்ததும் பேச்சை மாத்துறாங்க! அப்ப நரி சொன்னது சரிதான்!" என்று அது குமுறியது.

அந்தப் பக்கம் கீரி எல்லோரிடமும் சொன்னது: "வைத்தியர் நம்மை வேவு பார்க்கிறார். இனிமே புத்துப் பக்கம் யாரும் போகாதீங்க. நமக்கும் மணல்திட்டுதான்!"

அன்றோடு அந்தக் கிசுகிசுப்பும் நின்றுபோனது. இப்போது உண்மையிலேயே யாரும் யாரோடும் பேசவில்லை.

முயலுக்கு உச்சி வெயில் நேரத்தில் ஒரு வாய் உறக்க வேர்ச் சாறு கொடுக்க வேண்டும். தூங்கினால்தான் காயம் ஆறும். அணில் வந்தது. இலையில் சாற்றை ஏந்திப் புகட்டியது. சத்தமில்லாமல் போய்விட்டது. கீரி மரத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தது. முயல் இன்னும் கண்ணை மூடவில்லை. "அணில் குடுக்க மறந்துட்டான் போல" என்று நினைத்தது. கேட்கலாம் என்றால் அணிலைக் காணோம். கூப்பிட்டால் கரடி வந்துவிடும். கீரியும் ஒரு வாய் புகட்டியது. சத்தமில்லாமல் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கரடி முயலைப் பார்க்க வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தது. மெதுவாகத் தட்டியது. முயல் அசையவில்லை. கரடி உலுக்கியது. தலை தொங்கியது. மார்பில் காதை வைத்துக் கேட்டது. எங்கேயோ தூரத்தில் ஒரு துடிப்பு. ரொம்ப மெதுவான துடிப்பு.

"ஐயோ!" என்று கரடி அலறியது. அமைதி உத்தரவு எல்லாம் அந்த நிமிஷமே காற்றில் போனது!

கரடிக்கு இரண்டு சந்தேகம். வேர்ச் சாறு அதிகமாக உள்ளே போயிருக்கலாம். அப்படியென்றால் மிளகும் இஞ்சியும் அரைத்த காரச்சாறு கொடுத்தால் பிழைத்துவிடும். ஆனால் காயத்தில் விஷம் ஏறி, அதனால் மயங்கியிருந்தால்? அதே காரச்சாறு முயலின் உயிரை எடுத்துவிடும். சாறு எத்தனை வாய் போனது என்று தெரிந்தால் போதும். தெரியாமல் கை வைக்க முடியாது.

"யாரு முயலுக்கு மருந்து குடுத்தது?" என்று கரடி உறுமியது.

எல்லோரும் ஓடி வந்து நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை.

"கேட்கிறது காதுல விழலையா? யாரு குடுத்தது? சொல்லப் போறீங்களா இல்லையா? தப்புப் பண்ணினவங்களை இந்தக் காட்டை விட்டே துரத்திடுவேன்!"

இப்படிக் கேட்டால் யார் சொல்வார்கள்? அணிலின் வால் மட்டும் நடுங்கியது. கீரி தரையைக் கீறிக்கொண்டிருந்தது.

"தனித்தனியாக் கூப்பிட்டு மிரட்டுங்க ஐயா! அப்பதான் உண்மை வரும்!" என்று நரி படுத்தபடியே யோசனை சொன்னது.

முயலின் மூச்சு இன்னும் குறைந்தது. கரடி தன் ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தது. யாருமே தன்னைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி எங்கே? கரடியும் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தது.

எதிர்க்கரையில், கொளுத்துகிற வெயிலில், ஆள்காட்டி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது.

இவர்கள் வாயை மூடியது எதனால் என்று இப்போது கரடிக்குப் புரிந்தது. அது ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை. தொபுக்கென்று குளத்தில் குதித்து நீந்தியது. இரைக்க இரைக்க மணல்திட்டில் ஏறியது.

"முதலை ஒண்ணும் வரலைங்க ஐயா" என்றது ஆள்காட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"உன் கேள்விக்கு நான் பதில் சொல்லலை, தாயி" என்றது கரடி. "பதில் என்கிட்ட இல்லை. அதனாலதான் கத்தினேன். தப்பு என்னோடது. முயலு போயிடும் போல இருக்கு. நீ வா!"

ஆள்காட்டிக்கு அலகு வரை ஒரு சுடுசொல் வந்தது. முயல் என்றதும் அதை விழுங்கிவிட்டது.

"வரேன். ஆனா இதை என்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. அங்கே, அவங்க எல்லாருக்கும் முன்னால சொல்லணும்."

"சொல்றேன்!"

கரடி திரும்ப நீந்தி வந்தது. சொட்டச் சொட்ட நனைந்து, வழக்கமாக ஏறி நிற்கும் பாறையைத் தாண்டி, அணிலுக்கும் கீரிக்கும் எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தது.

"உங்க யாரையும் கேட்காம உத்தரவு போட்டது நான். கேள்வி கேட்டவளை வெயில்ல நிறுத்தினதும் நான். முயலு இப்படிக் கிடக்கிறதுக்கு முதல் காரணம் நான்தான். யாரையும் துரத்த மாட்டேன். யாரு குடுத்தீங்கன்னு கூட எனக்குத் தெரிய வேண்டாம். சாறு எத்தனை வாய் போச்சு? அது மட்டும் தெரிஞ்சா முயலைக் காப்பாத்திடுவேன்."

ஆள்காட்டி பறந்து வந்து பழைய பாறையில் இறங்கியது. அதைப் பார்த்ததும் அணிலுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் ஒரு வாய் குடுத்தேங்க ஐயா!"

கீரி திடுக்கிட்டு நிமிர்ந்தது. "நீயும் குடுத்தியா? ஐயோ, நானும் ஒரு வாய் குடுத்தேனே!"

"அப்ப சாறுதான்! விஷம் இல்லை!" என்று கரடி துள்ளி எழுந்தது. "மிளகு! இஞ்சி! ஓடுங்க!"

ஆள்காட்டி எங்கே இஞ்சி இருக்கிறது என்று காட்டியது. முள்ளம்பன்றி தோண்டியது. யானை மிளகையும் சேர்த்து ஒரே மிதியில் நசுக்கியது. அணிலும் கீரியும் முயலின் தலையை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொள்ள, கரடி காரச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஆனால் எல்லாம் நடந்தது.

முயலின் மீசை அசைந்தது. மூக்கு சுருங்கியது. "அச்!" என்று ஒரு பெரிய தும்மல்!

மருத மரத்தடியில் எழுந்த கூச்சலில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. கரடி அழுததா சிரித்ததா என்று கேட்காதீர்கள். ஈரமான முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அம்மா முயலே, பாதித் தூக்கத்துல ரெண்டு தரம் குடிச்சது உனக்குத் தெரியலையா?" என்று கரடி கேட்டது.

"தெரிஞ்சுதுங்க ஐயா. இப்பதானே குடிச்சேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு" என்றது முயல். "நோயாளிங்களும் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

யாரைக் காப்பாற்றுவதற்காக அந்த உத்தரவைப் போட்டதோ, அந்த முயலின் வாயையே கரடி கட்டியிருந்தது.

"கத்தறது உனக்கு ஆகாதேன்னுதான் அப்படிச் செஞ்சேன்" என்றது கரடி.

"கத்தறதுக்கு நான் பயப்படலைங்க. தலைக்கு மேல திடீர்னு வந்ததுக்குத்தான் பயந்தேன். தூரத்துல குரல் கேட்டா, யாரோ பார்த்துக்கிறாங்கன்னு தைரியமா இருக்கும். இத்தனை நாளும் சத்தமே இல்லாம இருந்துச்சே, அதுதான் எனக்குக் கண்ணியில மாட்டின மாதிரி இருந்துச்சு!"

கரடி மெல்லத் தலையாட்டியது. ஆள்காட்டியைக் கேட்கவில்லை, அணிலைக் கேட்கவில்லை, முயலைக் கூடக் கேட்கவில்லை! தான் யாரைத்தான் கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தது. நரியைக் கேட்டது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கரடியும் தரையில்தான்.

"நோயாளிங்க தூங்கவும் வேணும். யாருக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியவும் வேணும். எப்படிச் செய்யலாம்? எனக்குத் தெரியலை. நீங்க சொல்லுங்க" என்றது கரடி.

முதலில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பயம் என்பது ஒரே நாளில் போய்விடுமா என்ன?

முள்ளம்பன்றிதான் மெல்ல ஆரம்பித்தது. "கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க உத்தரவு எனக்கு அன்னைக்கே பிடிக்கலைங்க ஐயா."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரடியைப் பார்த்தார்கள்.

"ரொம்ப நல்ல ஏற்பாடுன்னு சொன்னியே!" என்றது கரடி.

"வேற என்ன சொல்றது? மணல்திட்டுல ஒருத்தருக்குத்தான் இடம் இருந்துச்சு!"

கரடி வாய்விட்டுச் சிரித்தது. அவ்வளவுதான்! எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"மருந்து குடுத்ததும் படுக்கையில ஒரு பச்சை இலையை வெச்சுடலாம்" என்றது அணில். மறுநாள் செய்து பார்த்தார்கள். மான் தன் பக்கத்தில் வைத்த இலையைத் தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டது!

"என் முள்ளை நட்டு வெச்சா யாரும் தின்ன முடியாது" என்றது முள்ளம்பன்றி. தூக்கத்தில் புரண்ட பன்றி முள்ளின் மேலேயே படுத்து ஊரைக் கூட்டியது.

"கூழாங்கல்?" என்றது கீரி. யானை அதை மிதித்துச் சறுக்கியது.

இதற்கெல்லாம் கரடிக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொன்றும் ஏன் சரிப்படவில்லை என்று தெரிந்துகொள்வதில் அதற்கு ஒரு ருசியே வந்துவிட்டது. "சரி, அடுத்தது என்ன?" என்று கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

"மயில் உதிர்க்கிற இறகு நிறையக் கிடக்கு. மிருதுவா இருக்கும், குத்தாது, தூரத்திலேருந்தும் கண்ணுக்குத் தெரியும்" என்றது ஆள்காட்டி.

"காத்துல பறந்துடுமே?" என்றது அணில்.

"நான் களிமண்ணு கொண்டாரேன். ஆளுக்கொரு உருண்டை. அதுல நட்டுக்கலாம்" என்றது யானை. அதுவரை வெறும் காதை மட்டுமே ஆட்டிக்கொண்டிருந்த யானை!

அப்படியே செய்தார்கள். மருந்து கொடுத்தவர் நோயாளியின் தலைமாட்டுக் களிமண்ணில் ஓர் இறகை நட்டார். அடுத்த வேளைக்கு நேரமானதும் ஆள்காட்டி பழைய இறகை எடுத்துவிடும். இறகு இருந்தால் கொடுத்தாயிற்று. இல்லாவிட்டால் கொடுக்க வேண்டும். சாயங்காலம் எல்லோரும் குளக்கரையில் கூடி, அன்றைக்கு என்ன நடந்தது என்று பேசிக்கொள்வார்கள். தவறு நடந்தால் அதையும் சொல்வார்கள். கரடி தன் தவறைத்தான் முதலில் சொல்லும்.

இறகுகள் நட்ட பிறகு இன்னொரு வேடிக்கையும் வெளியே வந்தது. எல்லார் தலைமாட்டிலும் இறகு நின்றது. ஒரு படுக்கையில் மட்டும் எப்போதுமே இறகைக் காணோம்!

"நரியாரே, உமக்கு யாருமே மருந்து குடுக்கலையா?" என்று கரடி கேட்டது.

"நான் குடுக்கலை" என்றது அணில்.

"நானும் குடுக்கலை. சுளுக்கு போயி ரொம்ப நாளாச்சே!" என்றது கீரி.

"அப்படியா? எதுக்கும் இருக்கட்டும், முள்ளம்பன்றி ஒரு தடவை குத்திப் பார்க்கட்டும்" என்றது கரடி.

நரி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் அந்தக் காலில் சுளுக்கு இருந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள்!

முயலின் காயம் ஆறியது. யானை அதை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதரில் இறக்கியது. கண் நன்றாகத் திறந்துவிட்ட குட்டிகள் ஓடி வந்து அம்மாவின் மேல் விழுந்தன. முயல் தன் தலைமாட்டில் இருந்த கடைசி இறகைக் கேட்டு வாங்கி வந்திருந்தது. அதைக் குட்டிகளுக்கு விளையாடக் கொடுத்தது.

சில மாதங்கள் கழித்து மேற்கு மலையிலிருந்து ஓர் ஆமை வந்தது. அந்த அமைதியான மருத்துவமனையின் வைத்தியர் அதுதான்.

"உங்க மயிலிறகு ஏற்பாடு பத்தி மலை வரைக்கும் பேச்சா இருக்கு. எனக்கும் ஒரு கட்டு இறகு குடுங்க. எங்க இடத்திலும் வெச்சுடறேன்" என்றது ஆமை.

கரடி இறகை எடுக்கக் கையை நீட்டியது. சட்டென்று நின்றது. முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்டது.

"உங்க மருத்துவமனை ஏன் அவ்வளவு அமைதியா இருக்கு? உங்க ஆளுங்க எப்படிப் பேசிக்காம வேலை பார்க்கறாங்க?"

"ஆளுங்களா?" ஆமை ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிச் சிரித்தது. "அங்கே நான் ஒருத்தன்தானே இருக்கேன்! யாருகிட்ட பேசறது?"

கரடி வாயைப் பிளந்தது. பாறை மேலிருந்த ஆள்காட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப உங்களுக்கு இந்த இறகு எதுக்கு?" என்றது ஆள்காட்டி.

ஆமை யோசித்தது. "அட, ஆமா! எதுக்கு?"

"வாங்க, இப்படித் தரையில உட்காருங்க" என்று கரடி ஆமைக்கு இடம் ஒதுக்கியது. "உங்க நோயாளிங்களுக்கு என்ன கஷ்டம்னு அவங்களையே கேட்டுட்டு வந்தீங்களா?"

ஒரு மாற்றத்தைச் செய்யப் போகிறவர்களையும் அதை அனுபவிக்கப் போகிறவர்களையும் முதலில் கேட்டுவிட்டுச் செய்தால்தான், அங்கே நம்பிக்கையும் வளரும், எல்லோரும் ஒன்றுகூடி வேலையும் செய்வார்கள்.